பந்தைப் பார்க்காத கோச்

கடலூரில் யாராவது என்னை அடையாளம் கண்டுகொண்டால் நான் நலமா என்று கேட்பதில்லை. "மிஸ், அந்த ஃபைனல்ல தோத்தப்ப அவர் மொகம் எப்டி இருந்துச்சு?" என்றுதான் கேட்பார்கள். மஞ்சக்குப்பத்துப் பழக்கடையில் கேட்டிருக்கிறார்கள், கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறார்கள், ஒருமுறை பல் பிடுங்கப் போன இடத்தில் வாயைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு டாக்டரே கேட்டார்.

அவர் என்றால் அவர்தான். பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் பேப்பரில் வந்த பழைய புகழெல்லாம் குறுக்கே வந்து நின்றுகொள்ளும். மாநில அணிக்கு ஆடியது, கல்கத்தாவின் பெரிய கிளப் ஒன்று கூப்பிட்டுக்கொண்டு போனது, நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளிநாட்டில் கோல் அடித்தது என்று நிறைய உண்டு. அவர் ஆடி நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த மனிதர், முட்டி போன பிறகு ஊர் திரும்பி, கடலூர் பெண்கள் கால்பந்து அணிக்குக் கோச்சாக உட்கார்ந்தவர். நான் சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை. 2004இலிருந்து 2012 வரை அவர் எனக்கு எதிரணி. என்னை அவர் தோற்கடித்த ஆட்டங்களை எண்ணிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

முதல் ஆட்டத்திலேயே எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது. மைதானத்தின் ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். போட்டதுதான் போட்டார், ஒழுங்காகப் போட்டாரா? கோணலாகப் போட்டிருந்தார். பந்து எங்கள் கோலுக்கு முன்னால் உருண்டுகொண்டிருக்கும்போது அவர் கண் எதிர்ப்பக்கம் எங்கோ இருந்தது. பந்து எதிர்ப்பக்கம் போனால் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானோ ஆட்டம் முழுக்கக் கத்துகிறவள். என் தொண்டை சிதம்பரத்தில் பிரசித்தம்; நான் விசில் ஊதுவதே தண்டம் என்பார் என் கணவர். கடலூர் அணி கோல் போட்டது. மனிதர் திரும்பக்கூட இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், உங்க பொண்ணு கோல் போட்டுட்டா. அதயாவது பாருங்க" என்றேன்.

"தெரியும் டீச்சர். உங்க மொகத்துல பாத்தேன்" என்றார். கொஞ்சங்கூடச் சிரிக்கவில்லை. பிறகு, "உங்க ஏழாம் நம்பர் காலையில சாப்ட்டாளா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியும் சார்."

"இல்ல, பந்து கிட்ட வந்தா நல்லா ஓடுறா. பந்து போனப்பறம் இடுப்புல கைய வச்சிக்கிட்டு நிக்கிறா. அதான் கேட்டேன்."

ஏழாம் நம்பர் ஜெசிந்தா, ஒன்பதாம் வகுப்பு. கிள்ளையிலிருந்து விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து வந்தவள். இடைவேளையில் அவளை ஓரமாகக் கூட்டிப் போய்க் கேட்டேன். சாப்பிடவில்லை. முதல் நாள் இரவும் சரியாகச் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து எந்த ஊருக்கு ஆடப் போனாலும் ஒரு தூக்கு நிறையத் தக்காளி சாதம் என்னோடு பஸ் ஏறும். அதற்காக அந்த மனிதருக்கு நன்றி சொன்னேனா என்றால், இல்லை. அவர் சொன்னது சரியாக இருந்ததில்தான் எனக்கு இன்னும் கோபம்.

பந்தைப் பார்க்காமல் இருப்பது அவருக்கு மைதானத்தோடு முடிகிற வேலை இல்லை. ஒரு தடவை ஆனித் திருமஞ்சனத்துக்கு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தோம். என் கணவருக்கு மங்கலம்பேட்டை. கோச்சுக்கும் அந்தப் பக்கத்தில் உறவு இருந்ததால், இரண்டு பேரும் எப்படியோ மாமன் மச்சான் முறை கண்டுபிடித்துக்கொண்டு என்னைத் தனியாக விட்டுவிட்டார்கள். கீழவீதியில் தேர் வந்தது. அத்தனை சனமும் தலையை அண்ணாந்து கும்பிட்டுக்கொண்டு நிற்க, இவர் மட்டும் குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே முட்டுக்கட்டை போடுகிறவர்கள் இருந்தார்கள். ஓடுகிற சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் செருகி, சரியான நேரத்தில் கையை எடுத்துக்கொள்கிற ஆட்கள்.

"மாமா, சாமி மேல இருக்காரு" என்றார் என் கணவர்.

"தெரியும் மச்சான். அவர் எந்தப் பக்கம் திரும்புவாருன்னு கீழதான் தெரியும்."

என் கணவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் மட்டும் முட்டுக்கட்டைக்காரர்களைப் பார்த்தேன். அதில் ஒருவர் தேரைப் பார்க்கவே இல்லை. பக்கத்துக் கட்டைக்காரரின் தோளைப் பார்த்தபடியே நகர்ந்துகொண்டிருந்தார். நம்ம கோச் ஒரு பெருமூச்சு விட்டு, "எவ்ளோ அருமையான ஸ்டாப்பரு" என்றார். கோலுக்கு முன்னால் நின்று எதிராளியை மறிக்கிற ஆட்டக்காரருக்கு அந்தப் பெயர்.

இந்தப் புத்தி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று அவருடைய அணிப் பெண்கள் எல்லோருக்கும் மனப்பாடம். இளைஞராக இருந்தபோது தேசிய அணிக்கு ஒரு பயிற்சி முகாம் நடந்திருக்கிறது. அங்கே பயிற்சி கொடுத்தவர் செர்பியாவிலிருந்து வந்தவர். அப்போது அந்தத் தேசத்துக்கு வேறு பெயர். தன் நாட்டில் கொண்டாடப்பட்ட ஆட்டக்காரராக இருந்து, பிறகு கோச்சாகி, பல நாடுகளைச் சுற்றிவிட்டு இங்கே வந்து சேர்ந்தவராம். இவர் அந்த வாழ்க்கையைத் துண்டு துண்டாகச் சொல்லுவார். ஊறுகாய் தொட்டுக்கொள்கிற மாதிரி, ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு துண்டு, ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு துண்டு. பனியில் ஆடியது, கால் ஒடிந்தது, சொந்த ஊர்க்காரர்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனது, அதே ஊர்க்காரர்கள் அடுத்த வருஷம் திட்டித் துரத்தியது. "எங்க செர்பியாக்காரர்" என்றுதான் சொல்லுவார், ஏதோ பெரியப்பா மாதிரி.

அந்த முகாமில் எடுத்த படம் ஒன்று அவர் வீட்டில் மாட்டியிருந்தது. எல்லா ஆட்டக்காரர்களும் கேமராவைப் பார்த்து விறைத்து நிற்கிறார்கள். நடுவில் நிற்கும் வெள்ளைக்காரர் மட்டும் படத்துக்கு வெளியே வலப்பக்கம் எதையோ பார்க்கிறார். ஓரத்தில் நிற்கும் ஒல்லி இளைஞர் வெள்ளைக்காரரைப் பார்க்கிறார்.

"அவரு என்ன சார் பாத்தாரு?" என்று கேட்டேன்.

"அதான் தெரியல டீச்சர். அப்பவே திரும்பிப் பாத்திருக்கணும்."

செர்பியாக்காரர் அவர்களுக்குக் கொடுத்த பயிற்சிகளில் ஒன்று, பந்தில்லாமல் மேட்ச் ஆடுவது. விசில் ஊதி, பதினோரு பேரும் பதினோரு பேரும் இறங்கி, இல்லாத பந்தை ஆட வேண்டும். முதல் நாள் எல்லோரும் கிறுக்கன் என்று நினைத்தார்களாம். இவர் அதை அப்படியே கடலூருக்குக் கொண்டுவந்தார். சனிக்கிழமை என்றால் அவருடைய பெண்களுக்குப் பந்து கிடையாது. கேட்டால், "பந்து எங்கயும் ஓடிப்போயிடாது, நீ இரு" என்பார். அந்த வாசகத்தை அவர் வாயிலிருந்து கேட்காத நாளே கிடையாது.

2007 ஆடியில் சிநேக ஆட்டத்துக்கு எங்கள் பள்ளிக்கு அணியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் நேராக என்னிடம், "இன்னிக்குப் பந்து வேணாம் டீச்சர்" என்றார். நான் ஒத்துக்கொண்டது எதனால் என்றால், பந்து இருந்தால் தோற்போம் என்று தெரியும். இல்லாவிட்டால் எப்படித் தோற்பது என்று பார்த்துவிடலாம் என்றுதான்.

காம்பவுண்டுச் சுவர்மேல் ஆட்டோக்காரர்களும் காலேஜ் பையன்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ஒரே சிரிப்பு. "பந்தக் காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சா?" என்று ஒருவன். பெண்கள் ஓடினார்கள், நின்றார்கள், ஆளை மறித்தார்கள், இடம் மாறினார்கள். கொஞ்ச நேரத்தில் சுவர்மேல் சத்தம் அடங்கியது. அப்புறம் திடீரென்று ஒரு ஆட்டோக்காரர் எழுந்து நின்று, "கோலுடா!" என்று கத்தினார்.

"எதுடா கோலு? ஆஃப்சைடு" என்றார் பக்கத்து ஆட்டோக்காரர்.

"ஒனக்கு என்னடா தெரியும் ஆஃப்சைடு? அந்தப் பொண்ணு நின்னுச்சு பாரு..."

"ஆரம்பத்துலேர்ந்து நானும் பாக்குறேன், ஒனக்குக் கண்ணு தெரியல!"

சட்டையைப் பிடிக்காத குறை. இல்லாத பந்துக்கு இவ்வளவு ரகளையா என்று நானே சிரித்துக்கொண்டு திரும்பினேன். திரும்பின மறுநொடி, "கிளியர் பண்ணுடி ஜெசிந்தா!" என்று என் தொண்டை தானாகக் கத்திவிட்டது. அன்றைக்குத்தான் அவளை ஏழாம் நம்பரிலிருந்து நடுவில் ஸ்டாப்பராக மாற்றிப் போட்டிருந்தேன். பந்து இல்லாதபோதுதான் அவள் யோசிக்கிறாள் என்று எனக்கே தெரிந்தது. கோச் சொல்லித்தான் தெரிந்தது என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கலாட்டாவுக்கு நடுவில் அவரைத் தேடினேன். மைதானத்தின் மூலையில் கார்னர் கொடிக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார்.

"என்ன டீச்சர் இது, முளைக்குச்சி அடிச்சி சுண்ணாம்பு போட்டிருக்காங்க?"

"ஒண்ணுமில்ல சார். டாய்லெட் கட்டுறாங்க."

சுண்ணாம்புக் கோடு பாதி மைதானத்தைத் தாண்டிப் போவதை அவர் கண்ணால் அளந்தார்.

விஷயம் இதுதான். எங்கள் கரெஸ்பாண்டன்ட் என்னைக் கூப்பிட்டு, "ஒரு ஷீல்டு இல்ல, ஒரு கப்பு இல்ல. எதுக்கு டீச்சர் ஒங்களுக்கு இவ்ளோ பெரிய எடம்? பிளஸ் டூவுக்கு பில்டிங் கட்டணும்" என்று சொல்லியிருந்தார். கையைக் காலைப் பிடித்து ஒரு வருஷம் தவணை வாங்கியிருந்தேன். இந்த முறை மாவட்ட ஷீல்டு வந்தால் மைதானம் இருக்கும். வராவிட்டால் மண்வெட்டி இறங்கும். கிள்ளையிலிருந்தும் சுற்றுப்பக்கத்திலிருந்தும் வருகிற பெண்களுக்கு அந்த மண்ணை விட்டால் ஓட வேறு இடம் கிடையாது. எனக்கும்தான்.

நாங்கள் ஃபைனலுக்கு வந்தோம். எதிரே யார் என்று சொல்ல வேண்டுமா?

2008 பொங்கல் கழிந்து, மஞ்சக்குப்பம் மைதானத்தில் கூட்டம் அலைமோதியது. அவர் மடக்கு நாற்காலியைக் கோணலாகப் போட்டு உட்கார்ந்தார். ஆட்டம் முடியப் போகிற நேரம் வரைக்கும் கோல் விழவில்லை. என் பெண்கள் அப்படி ஆடி நான் பார்த்ததே இல்லை. கடைசியில் கடலூர் அணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து தூக்கி வந்தது. எல்லோர் கண்ணும் பந்தோடு போனது, என் கண்ணும்தான். ஜெசிந்தா தலையால் தட்டிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் எழும்பவே இல்லை. அவர்களுடைய ஒன்பதாம் நம்பர் செல்வி தலையால் முட்டினாள். வலை குலுங்கியது. ரெஃப்ரி விசிலை ஊதி, கோல் என்று கையை நடுக்கோட்டுக்கு நீட்டிவிட்டார்.

அந்தச் சுண்ணாம்புக் கோடுதான் கண்முன்னால் வந்தது.

கூட்டம் கத்திக்கொண்டிருக்க, அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். நொண்டிக்கொண்டே கோட்டுக்குப் பக்கத்தில் போய்க் கையைத் தூக்கினார். ரெஃப்ரி ஓடிவந்தார்.

"சார், அது கோல் இல்ல" என்றார் கோச்.

"உங்க கோல்தான சார்?" என்றார் ரெஃப்ரி, குழம்பிப் போய்.

"ஆமா. எங்க ஒம்பதாம் நம்பர் அவுங்க ஸ்டாப்பர் சட்டையப் புடிச்சி இழுத்தா."

"நான் பாக்கலியே சார். நான் கோல் குடுத்துட்டேன்."

"நீங்க பந்தப் பாத்தீங்க, தப்பில்ல. நான் பாக்கல. இன்னும் சென்டர்ல பந்த வச்சி ஆட்டத்த ஆரம்பிக்கல இல்ல? மாத்தலாம்." திரும்பி, "செல்வி, புடிச்சியா?" என்று கேட்டார்.

செல்வி அதுவரைக்கும் தோழிகளின் தோள்மேல் இருந்தாள். இறங்கினாள். தரையைப் பார்த்தாள்.

"புடிச்சேன் சார்."

ரெஃப்ரி கோலை ரத்து செய்தார். கடலூர்க் கூட்டம் கொதித்துவிட்டது. "யோவ், நீ யாருக்குய்யா கோச்சு?" என்று ஒருவர் கத்தினார். ஒரு தண்ணீர் பாக்கெட் பறந்துவந்து அவர் முதுகில் பட்டு உடைந்தது. அவர் நனைந்த சட்டையோடு நாற்காலிக்கு வந்து, அழுகிற செல்வியைக் கூப்பிட்டு, "அழுது முடிச்சிட்டுப் போயி ஆடு. இன்னும் டைம் இருக்கு. ஜெயிக்கணும்" என்றார். அதைச் சொன்ன குரலில் தர்மம் செய்த தோரணை துளியும் இல்லை. மிச்ச நேரத்தில் அவருடைய அணி எங்கள்மேல் பாய்ந்த பாய்ச்சலைப் பார்த்தவர்கள் விட்டுக்கொடுத்தார் என்று சொல்லவே மாட்டார்கள். என் கோல்கீப்பர் இரண்டு பந்துகளை எப்படித் தடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

பெனால்டி கிக்குக்குப் போனது. அதிலும் இழுத்துக்கொண்டே போய், கடைசியில் எங்கள் கையில் ஒரு உதை மிஞ்சியது. உள்ளே போனால் ஷீல்டு. ஜெசிந்தா பந்தை வைத்தாள். அப்போது ஓரக்கண்ணில் ஒன்று பட்டது. அவர் நாற்காலியை முழுசாகத் திருப்பிப் போட்டிருந்தார். கோலுக்கு முதுகு. முகம் எங்களைப் பார்த்து.

ஜெசிந்தா உதைத்தாள். உள்ளே போனது.

ஷீல்டைக் கொண்டுபோய் கரெஸ்பாண்டன்ட் மேஜைமேல் வைத்தேன். முளைக்குச்சிகளை நானே பிடுங்கினேன். அந்தச் சுகத்தை வேறு யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. பில்டிங் பின்பக்கம் சைக்கிள் ஷெட்டுக்கு மேலே எழும்பியது. மைதானம் இன்றைக்கும் இருக்கிறது.

கோச் பாடுதான் திண்டாட்டம். அவருடைய கால்பந்துச் சங்கத்துக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. செல்வி பல மாதம் அவரோடு பேசவில்லை. பயிற்சிக்கு மட்டும் நேரத்துக்கு வந்து, சொன்னதைச் செய்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். அவர் அவளைச் சமாதானப்படுத்தவும் இல்லை. எனக்கு அதில் அவர்மேல் கொஞ்சம் வருத்தம்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "அந்த முளைக்குச்சியப் பாத்தீங்களே சார், அதனாலயா சொன்னீங்க?"

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். காப்பி டம்ளரை வைத்துவிட்டார்.

"உங்க கிரவுண்டுக்காக நான் என் பொண்ணுங்க ஆட்டத்த வித்தேன்னு நெனைக்கிறீங்களா டீச்சர்? உங்க ஸ்டாப்பர் அவளா தவற விட்டிருந்தா எழுந்தே இருக்க மாட்டேன். பில்டிங் என்ன, கோபுரமே கட்டட்டும்னு இருப்பேன். இழுத்தத நான் பாத்தேன். பாத்துட்டு எப்டிங்க சும்மா ஒக்காருறது?"

அதை நிரூபிக்கிற மாதிரி மறுவருஷ ஃபைனலில் எங்களைத் துவைத்துக் காயப்போட்டார். செல்வி மட்டும் மூன்று கோல். மூன்றாவது கோலுக்குப் பிறகு அவள் நேராக அவருடைய நாற்காலிக்கு ஓடிவந்து, முன்னால் நின்று, "இத பாத்தீங்களா சார்?" என்று கேட்டாள். அவர், "பந்தப் பாக்கல. ஒன் கையப் பாத்தேன். முதுகுக்குப் பின்னால வச்சிருந்த" என்றார். அவள் சிரித்தாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு.

2012இல் வடகிழக்கு மாநிலம் ஒன்றிலிருந்து ஒரு அணி அவரைக் கூப்பிட்டது. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் பெரிய கூட்டம். திட்டியவர்கள்தான் முன்வரிசையில் மாலையோடு நின்றார்கள். ரயில் நகர்ந்தபோது எல்லோரும் கை காட்டினோம். அவர் கண் எங்கள் தலைக்கு மேலே எங்கோ போனது. திரும்பிப் பார்த்தேன். தூணுக்குப் பின்னால் போலீஸ் சீருடையில் செல்வி நின்றாள். கை காட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆக, அந்தக் கேள்விக்கு வருகிறேன். ஷீல்டு போன நொடியில் அவர் முகம் எப்படி இருந்தது? ஃபைனல் முடிந்த அன்று அவர் கை கொடுக்க வந்தபோது, "பந்து உள்ள போனத நீங்க பாக்கவே இல்லியே சார்" என்றேன்.

"எதுக்கு டீச்சர்? உங்க மொகத்துல பாத்தேன். அவ்ளோ அழகான கோல இதுவரைக்கும் நான் பாத்ததில்ல" என்றார்.

அந்த மைதானம் முழுக்க அவருக்கு நேர் எதிரே நின்றவள் நான் ஒருத்திதான். திரும்பினால் போதும், பார்த்திருக்கலாம். அதனால்தான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.